ஒரே தாடை, மூணு வாரத்துல ரெண்டு ஸ்கேன்: எலும்பு 1380-ஆ, 960-ஆ?

பவானிக்கரை

வணக்கங்க. வயசு 41. கீழ்த்தாடை வலது பக்கம் ஞானப்பல் வெளிய வராம, முன்னாடி இருக்கிற பல்லை முட்டிக்கிட்டு படுத்தவாக்குல கிடக்குது. வருஷத்துக்கு ரெண்டு தரம் அந்த இடத்து ஈறு வீங்கும், வாய் ரெண்டு விரல் அளவுக்கு மேல திறக்காது, அஞ்சு நாள் மாத்திரை போட்டா அடங்கிடும். இந்தத் தரம் தீபாவளி முறுக்கோட சேர்ந்து வந்துச்சு. சரி, எடுத்தே தீரணும்னு கிளம்பினேன்.

முதல் டாக்டர் ஓபிஜி எடுத்தார், ரெண்டு தாடையும் ஒரே படத்துல வர்ற எக்ஸ்ரே. வேர் நரம்புக் குழாய் மேலயே உட்கார்ந்த மாதிரி தெரியுது, சிபிசிடி, அதான் பல்லுக்குன்னு எடுக்கிற முப்பரிமாண ஸ்கேன், எடுத்துட்டு வாங்கன்னார். எடுத்தேன். ரிப்போர்ட்ல இந்த ஞானப்பல்லுக்கு நம்பர் 48. கடைசி வரி: "48ஆம் பல்லைச் சுற்றிய எலும்பின் அடர்த்தி 1380 எச்.யூ., டி1 வகை." அதைப் படிச்சவர், "எலும்பு கருங்கல்லு மாதிரி இருக்கு, நான் கை வைக்க மாட்டேன், சர்ஜன்கிட்ட போயிடுங்க"ன்னுட்டார்.

சர்ஜன் இருந்த இடத்துல அந்த சிடி திறக்கலை. என்னமோ சாஃப்ட்வேர் கேட்குது. மறுபடியும் ஒரு சிபிசிடி. இடையில மூணே வாரம். இந்த ரிப்போர்ட்ல 960, டி2.

மூணு வாரத்துல 420 எங்கங்க போச்சு? எது நிஜம்? 1380 நிஜம்னா எடுக்கறப்ப தாடை உடையுமா? ரெண்டு தரம் கதிர் வாங்கினதுக்கு ஏதாச்சும் ஆகுமா? வீட்ல வேற, "எலும்பு கெட்டியா இருந்தா நல்லதுதானே, எதுக்கு பயப்படறீங்க"ங்கறா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

அரைத்தூக்கம்

ரெண்டு கடைத் தராசு. மூணாவது கடைக்குப் போங்க, மூணாவது எடை கிடைக்கும். பில்லு மட்டும் எல்லாக் கடையிலயும் ஒரே மாதிரி இருக்கும்.

ஸ்கேன்ரூம்_ஷிஃப்ட்

கிண்டலா சொன்னாலும் பாதி உண்மை. நான் பதினோரு வருஷமா இந்த மெஷினை ஓட்டுறவன், டாக்டர் இல்லை. அந்த நம்பர் எப்படி வருதுன்னு மட்டும் சொல்றேன்.

ஆளை நிக்க வச்சு, தாடையை ஏந்தல்ல வச்சு, பிளாஸ்டிக் குச்சியைக் கடிக்கச் சொல்வோம். எச்சில் முழுங்காதீங்க, ஆடாதீங்க. மெஷின் தலையைச் சுத்தி வரும், பத்து இருபது செகண்ட்ல முடிஞ்சிடும். அந்த நேரத்துல எடுத்த நூத்துக்கணக்கான படத்தை கம்ப்யூட்டர் ஒண்ணா சேர்த்து, சர்க்கரைக் கட்டி அடுக்கின மாதிரி ஒரு பெட்டியா கட்டும். ஒவ்வொரு குட்டிக் கட்டிக்கும் ஒரு எண். வெள்ளையா இருந்தா பெரிய எண், கறுப்பா இருந்தா சின்ன எண். நான் மவுஸை எலும்பு மேல கொண்டு போனா அந்த எண் ஓரத்துல ஓடும். அதுக்குத்தான் சில மென்பொருள்ல எச்.யூ.ன்னு பேர் போட்டு வச்சிருக்காங்க.

நேத்து ராத்திரி ஆள் இல்லாதப்ப ஒரு படத்துல சும்மா ஓட்டிப் பார்த்தேன். ஞானப்பல்லுக்குப் பின்னாடி 710. ரெண்டு மில்லிமீட்டர் தள்ளினேன், 1460. இன்னும் கொஞ்சம் தள்ளினா 380. வட்டம் போட்டு சராசரி எடுக்கலாம். ஆனா வட்டத்தை எங்க போடறோம், எவ்வளவு பெருசா போடறோம்கறதுலயே எண் மாறிடும். உங்க ரிப்போர்ட்ல வட்டம் போட்ட படம் இருக்கா பாருங்க. இருக்காது. டெம்ப்ளேட்ல அடர்த்தின்னு ஒரு கட்டம் இருக்கும், காலியா விட்டா அனுப்ப விடாது, நிரப்பியிருப்பாங்க. நானே நிரப்பியிருக்கேன், பொய் சொல்லல.

இன்னொண்ணு: அடுத்த தரம் எங்க எடுத்தாலும் "டைகாம் ஃபைலா குடுங்க"ன்னு கேட்டு வாங்குங்க. அது ஸ்கேன் படத்துக்கான பொது ஃபார்மேட், ஸ்கேன் பார்க்கிற மென்பொருள் எதுலயும் பொதுவா திறக்கும். அவங்க கம்பெனி வியூவரை மட்டும் போட்டுக் குடுத்தா, உங்களுக்கு ஆன மாதிரிதான்.

பவானிக்கரை

ரெண்டுலயும் வட்டம் இல்லைங்க. முதல் ஸ்கேன் வலது பக்கம் மட்டும், சின்னதா. ரெண்டாவது மேல்தாடை கீழ்த்தாடை முழுசும்.

ரேடியாலஜி_பிஜி

அங்கதான் சார் விஷயமே இருக்கு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

எச்.யூ.ங்கறது ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவு. சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடிச்சதுக்காக 1979ல நோபல் வாங்கினவர் பேர்ல வந்தது. தண்ணி 0, காத்து மைனஸ் 1000, இந்த ரெண்டு முளையையும் அடிச்சு நடுவுல கயிறு கட்டின மாதிரி. ஆஸ்பத்திரி சி.டி.யில இது ஒழுங்கா வேலை செய்யும். ஏன்னா அங்க கதிர் மெல்லிசான விசிறி மாதிரி போகுது, தலையோட குறுக்குவெட்டு முழுசும் படத்துக்குள்ள இருக்கு, மெஷினை தண்ணி நிரப்பின உருளையை வச்சு அடிக்கடி சரிபார்ப்பாங்க.

சிபிசிடியில கதிர் கூம்பு மாதிரி அகலமா போகுது. அகலமா போனா நாலா பக்கமும் சிதறும். சிதறின கதிரும் போய் படம் பிடிக்கிற அதே தட்டுல விழும். எது நேரா வந்தது, எது சிதறி வந்ததுன்னு தட்டுக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் சின்ன ஸ்கேன்லதான். உங்க முதல் ஸ்கேன் வலது மூலையை மட்டும் கட்டியிருக்கு. ஆனா மெஷின் சுத்தும்போது கதிர் உங்க கழுத்தெலும்பு, இடது தாடை எல்லாத்தையும் துளைச்சுட்டுத்தான் வந்திருக்கும். அந்த எலும்பெல்லாம் பெட்டிக்கு வெளிய. கணக்குல அவங்களுக்கு இடம் கிடையாது. கல்யாண மண்டபத்துல பத்து பேருக்கு இலை போட்டு இருபது பேர் சாப்பிட்டா கணக்கு எங்கயாவது இடிக்கும்ல, அப்படி. வெளிய இருக்கிற எலும்போட பங்கு பெட்டிக்குள்ள இருக்கிற கட்டிகள் மேல ஏறி உட்காரும். பெட்டியோட அளவு மாறினா எண் மாறும். பெட்டிக்குள்ள நடுவுல இருக்கா ஓரத்துல இருக்காங்கறதுலயும் மாறும். கம்பெனிக்குக் கம்பெனி எண்ணைப் பெருக்கிக் காட்டுற விதமும் வேற.

ஆக 1380ஐயும் 960ஐயும் பக்கத்துல வச்சுக் கழிக்கக் கூடாது. கிலோவுல இருந்து படியைக் கழிக்கிற மாதிரி ஆகிடும்.

புதைஞ்ச பல்லுன்னு வந்தா இன்னொரு தொல்லையும் சேருது. நீங்க அளக்க நினைக்கிற எலும்பு, பல்லை ஒட்டி இருக்கு. எனாமல் நம்ம உடம்புலயே ரொம்பக் கெட்டியான பொருள். அதைத் தாண்டி வர்ற கதிர்ல மெலிஞ்சதெல்லாம் அங்கேயே வடிகட்டிப் போய், வலுவானது மட்டும் வெளிய வரும். கம்ப்யூட்டர் அதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டு பக்கத்துல கறுப்புக் கோடு போட்டுடும். ஏழாம் பல்லுக்கும் எட்டாம் பல்லான ஞானப்பல்லுக்கும் நடுவுல எலும்பு இருந்தும் இல்லாத மாதிரி தெரியும். ஏழாம் பல்லுக்கு மெட்டல் கேப் போட்டிருந்தா சொல்லவே வேணாம்.

அப்புறம் அந்த டி1, டி2. அது பல் பிடுங்கறதுக்காக வந்த பட்டியலே இல்லை. செயற்கைப் பல் நிறுத்த எலும்புல பதிக்கிற இம்ப்ளாண்ட் திருகு எந்த எலும்புல எப்படிப் பிடிக்கும்னு பார்க்க, கார்ல் மிஷ்ங்கற பல் டாக்டர் போட்ட வரிசை. 1250க்கு மேல டி1, 850ல இருந்து 1250 டி2, 350ல இருந்து 850 டி3, 150ல இருந்து 350 டி4. அதுவும் ஆஸ்பத்திரி சி.டி. எண்ணுக்கு. உங்க எலும்பு இருந்த இடத்துலயே இருக்கு, மெஷின் மாறினதுல நீங்க ஒரு வகுப்பு இறங்கிட்டீங்க, அவ்வளவுதான்.

அரைத்தூக்கம்

அப்போ ஆயிரக்கணக்குல வாங்கிட்டுப் போடற நம்பருக்கு அர்த்தமே கிடையாது. இதை முதல் வரியிலயே சொல்லியிருக்கலாம்.

ரேடியாலஜி_பிஜி

அப்படி ஒரேயடியா ஒதுக்கவும் முடியாது. ஒரே ஸ்கேனுக்குள்ள புதைஞ்ச பக்கத்தையும், முளைச்ச பக்கத்தையும் ஒப்பிட்டா ஓரளவு சொல்லலாம். எவ்வளவு சுண்ணாம்புச் சத்துன்னு தெரிஞ்ச ஹைட்ராக்ஸிஅபடைட் கட்டிகளை அதே மெஷின்ல எடுத்து, எண்ணை அதோட பொருத்தி அளக்கிற முறையும் உண்டு. எண்ணையே விட்டுட்டு, எலும்பு நார்கள் எவ்வளவு சிக்கலா பின்னியிருக்குன்னு கணக்குப் போடற ஃபிராக்டல் முறையும் இருக்கு. ஆராய்ச்சிக்கு இதெல்லாம் சரி. நூறு பேரோட படத்தை ஒரே மெஷின்ல, ஒரே மாதிரி எடுத்து சராசரி பார்ப்பாங்க. பவானிக்கரை சார் ஒரே ஆள், ஒரே பல். அவருக்கு அந்த எண்ணை வச்சு "கருங்கல்லு"ன்னு சொன்னதுதான் தப்பு.

பழைய_குறடு

பிஜி தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் அந்த "ஓரளவு" என்பதை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கட்டியின் அளவு 0.2 மில்லிமீட்டர். எலும்பு நார் ஒவ்வொன்றின் தடிமனும் ஏறக்குறைய அதே அளவு, அல்லது அதில் பாதி. மீன் வலையின் கண்ணைவிட மெல்லிய மீனைப் பிடித்து எண்ணிக்கை சொல்வது எப்படி? படத்தில் தெரிவது நாரும் மஜ்ஜையும் கலந்த சாயல்தான்.

நான் முப்பது வருடம் புதைந்த பற்களை எடுத்தவன். இப்போது ஓய்வு. எலும்பின் கெட்டித்தன்மை எனக்குத் தெரிந்தது கையில்தான். சிலர் தாடை புளியங்கட்டை: பர் என்ற துளையிடும் முனையை வைத்தால் வெள்ளைத் தூள் பறக்கும், இரத்தம் கசியாது. சிலருக்கு வேம்பு. மேல்தாடையின் பின்பகுதி பலருக்கும் முருங்கைக் கட்டை, அழுத்தினாலே உள்ளே போகும். மிஷ் தன் எலும்பு வகைகளுக்கு உவமையாகத் தன் ஊர் மரங்களைச் சொன்னார், நான் நம்மூர் மரங்களைச் சொல்கிறேன்.

இந்த வித்தியாசத்தை நோயாளியும் உணர்ந்திருப்பார், கவனித்திருக்க மாட்டார். மேல்பல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு ஊசி போட்டால் மரத்துவிடுகிறது, ஏனென்றால் அங்கே எலும்பு மெல்லியது, துளைகள் உள்ளது, மருந்து ஊறிப் போகும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு அப்படிப் போட்டால் மருந்து அந்தத் தடித்த சுவரில் நின்றுவிடும். அதனால்தான் தொண்டைப் பக்கம் போய், நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசலிலேயே போடுகிறோம், பாதி உதடு மரத்துப் போகிறது. எலும்பு அடர்த்திக்கு இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் பல். எடுப்பது கஷ்டமா சுலபமா என்று பார்க்க நான் படத்தில் தேடுவது வேறு. பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு ஆழம், தாடை எலும்பு மேலே ஏறும் இடத்துக்கு முன்னால் பல்லுக்கு இடம் இருக்கிறதா. இதற்கு 1926லேயே வின்டர் ஒரு கணக்குப் போட்டார். பெல், கிரெகரி இருவரும் 1933ல் இன்னொன்று. இன்றும் பரீட்சையில் கேட்கிறார்கள், இன்றும் பயன்படுகிறது. அடுத்தது வேர்: ஒன்றா, இரண்டா, தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கிறதா. அடுத்து, வேரைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடும். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் நார்ப்படலத்தின் இடம் அது. அந்தக் கோடு தெளிவாக இருந்தால் பல் நெம்பினால் நகரும். எங்கும் கோடே தெரியாவிட்டால் பல் எலும்போடு ஒட்டியிருக்கலாம், வெட்டித்தான் எடுக்க வேண்டும். 1380 என்ற எண்ணைவிட அந்தக் கறுப்புக் கோடு எனக்கு நூறு மடங்கு பெரிது.

வீட்டுக்கார அம்மாவின் கேள்விக்கு: பச்சை மூங்கிலும் காய்ந்த மூங்கிலும் நினைத்துப் பாருங்கள். இருபது வயதுத் தாடை வளைந்து கொடுக்கும், பல்லை நெம்பினால் சுவர் சற்றே விலகி வழி விடும். நாற்பதுக்கு மேல் அது விலகாது. ஆகவே நாம் எலும்பைக் கூடுதலாகச் செதுக்குகிறோம், பல்லைத் துண்டு போட்டு எடுக்கிறோம். கெட்டி எலும்பில் உப்பு நீர் விடாமல் பர் ஓட்டினால் சூடேறும். 47 டிகிரி ஒரு நிமிடம் நின்றால் எலும்பு செத்துவிடும் என்று 1983லேயே காட்டிவிட்டார்கள். அவசரப்படாத, தண்ணீர் நிறையப் பாய்ச்சுகிற சர்ஜனாக இருந்தால் போதும்.

தாடை உடையுமா? மிக அபூர்வம். ஆனால் ஒன்று சொல்கிறேன். உடைகிற சிலருக்கும் பெரும்பாலும் அறுவை மேசையில் உடைவதில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து, வலி போய்விட்டது என்று தைரியமாக எதையாவது கடிக்கும்போது. அதிலும் நாற்பது தாண்டிய, பல்வரிசை முழுதாக இருக்கிற, கடிவலு உள்ள ஆண்கள். ஆகவே முறுக்கு ஒரு மாதம் வேண்டாம்.

பவானிக்கரை

ஐயா, முறுக்கைக் கரெக்டா பிடிச்சுட்டீங்க. ஒரு சந்தேகம்: ரெண்டு படத்துலயும் பல்லுக்குப் பின்னாடி மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு தெரியுது. இடது பக்கம் அது இல்ல. அதைப் பார்த்துத்தான் முதல் டாக்டர் பயந்தாரோ?

பழைய_குறடு

அது உங்கள் வீக்கங்களின் கணக்குப் புத்தகம். ஈறுக்கடியில் அழற்சி மெல்ல, வருடக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தால் உடம்பு அதைச் சுற்றி எலும்பை இறுக்கிக் கட்டும். வீட்டில் ஓட்டை விழுந்த இடத்தில் சிமெண்டை அப்புவது மாதிரி. ஒரு பக்கம் மட்டும், பல்லை ஒட்டி, அடிக்கடி வீங்கும் இடத்தில் என்றால் அதுதான் முதல் ஊகம். வெள்ளைத் திட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்து, அது வேரோடு சேர்ந்திருந்தால் வேறு கதை. அதை சர்ஜன் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வெள்ளையைவிட எனக்குக் கறுப்பு மேல்தான் பயம். புதைந்த பல்லின் தலையைச் சுற்றி மெல்லிய கறுப்பு உறை இருப்பது இயல்பு. அது அகன்று 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் நீர்க்கட்டியா என்று பார்த்தே ஆக வேண்டும்.

அரைத்தூக்கம்

எல்லாம் சரி டாக்டர். அப்போ சிபிசிடியே தண்டமா? ஓபிஜி சில நூறு ரூபாய்ல முடிஞ்சிருக்குமே.

பழைய_குறடு

தண்டம் இல்லை. எதற்கு எடுக்கிறோம் என்பதில்தான் வம்பு. ஓபிஜியில் மூன்று அடையாளங்கள் முக்கியம்: வேர் நரம்புக் குழாயைத் தாண்டும் இடத்தில் கறுத்துத் தெரிவது, குழாயின் வெள்ளை விளிம்பு அறுபடுவது, குழாய் வளைந்து ஒதுங்குவது. ரூட், ஷெஹாப் இருவரும் 1990ல் எழுதியது. இதில் ஒன்று இருந்தாலும் சிபிசிடி எடுக்கலாம். நரம்பு வேருக்கு நாக்குப் பக்கம் போகிறதா, கன்னப் பக்கமா, நடுவே எலும்புச் சுவர் மிச்சம் இருக்கிறதா என்று அது காட்டும். சுவர் இல்லை என்றால் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து வேரை அங்கேயே விட்டுவிடுவதும் ஒரு வழி. பல் சிபிசிடியை எப்போது எடுக்கலாம் என்று சொல்லும் ஐரோப்பாவின் செடென்டெக்ஸ்சிடி வழிகாட்டி, 2012ல் வந்தது, எல்லா ஞானப்பல்லுக்கும் வழக்கமாக எடுக்காதே என்றுதான் சொல்கிறது. குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகளிலும், சிபிசிடி எடுத்ததால் மட்டும் நரம்புப் பாதிப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. படம் கத்தியைப் பிடிக்காது.

ரேடியாலஜி_பிஜி

கதிர் பத்திக் கேட்டிருந்தீங்க சார். ஓபிஜி சுமார் 20 மைக்ரோசீவர்ட். சிபிசிடி மெஷினையும் பெட்டி அளவையும் பொறுத்து சில பத்துல இருந்து சில நூறு வரைக்கும். மண்ணு, காத்து, வானம் எல்லாத்துல இருந்தும் சும்மா இருக்கிறவனுக்கே உலக சராசரியா வருஷத்துக்கு 2400 வருது. ரெண்டு ஸ்கேன்ல பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா ரெண்டாவது எடுக்க வேண்டிய அவசியமே இல்லாம எடுத்தது, அதுதான் எரிச்சல்.

நாகர்கோவில்காரி

எங்க பக்கம் மணவாளக்குறிச்சி கடற்கரை மண்ணுலயே தோரியம் கிடக்கு, நாங்கல்லாம் அதுல விளையாடி வளர்ந்தவங்க 😄

சிரிப்பு இருக்கட்டும், எனக்கு ஒரு கேள்வி. அம்மாவுக்கு 67. எலும்புத் தேய்மானத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஏத்துற ஊசி, சோலெட்ரானிக், மூணு வருஷமா போட்டாச்சு. மேல கழட்டி மாட்டுற பல்செட். அதுக்கடியில ஒரு கோரைப்பல் எலும்புக்குள்ளயே புதைஞ்சு கிடக்கிறது இப்போ ஸ்கேன்ல தெரிஞ்சிருக்கு. ரிப்போர்ட்ல "அடர்த்தி 1100, நல்ல எலும்பு"ன்னு போட்டிருக்கு. ஒருத்தர், எலும்பு நல்லா ஆயிடுச்சு, இனி ஊசி வேண்டாம், இந்தப் பல்லையும் எடுத்துடலாம்ங்கறார். இந்த இழையைப் படிச்சதுல இருந்து எனக்குத் தூக்கம் வரல.

பழைய_குறடு

அம்மா, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். மூன்றையும் தனித்தனியாகப் பிரியுங்கள்.

தாடை எண்ணை வைத்து உடம்பு எலும்பைச் சொல்ல முடியாது. அதற்கு டெக்ஸா ஸ்கேன், இடுப்பிலும் முதுகெலும்பிலும் எடுப்பது, அதில் டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழ் என்றால் எலும்புத் தேய்மானம். தாடைப் படம் சந்தேகத்தைக் கிளப்ப உதவும், அவ்வளவே: ஓபிஜியில் கீழ்த்தாடையின் அடிவிளிம்பு, முன்கடைவாய்ப் பல்லுக்குக் கீழே நரம்பு வெளியே வரும் துளைக்கு நேராக, 3 மில்லிமீட்டருக்கும் மெலிந்திருந்தால், அல்லது விளிம்பு கரையான் அரித்த மாதிரி இருந்தால், போய் டெக்ஸா எடுங்கள் என்று அனுப்புவோம். மறுபக்கமாக, "நன்றாகிவிட்டது, மருந்தை நிறுத்து" என்று சொல்லத் தாடைப் படத்துக்கு உரிமையே இல்லை. ஊசி வேண்டுமா வேண்டாமா என்பது அதை எழுதிக் கொடுத்த டாக்டரின் முடிவு.

இரண்டாவது, இந்த மருந்து எலும்பு கரைவதைத் தடுக்கிறது. பழைய எலும்பு போகாமல் தங்கும், படத்தில் இன்னும் வெளுப்பாகத் தெரியலாம். வெளுப்பு என்றால் உயிர்ப்பு என்று அர்த்தமில்லை. இந்த வகை மருந்து வாங்கியவர்களுக்குப் பல் எடுத்த இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும் நிலை வரலாம் என்று 2003ல் மார்க்ஸ் எழுதினார். எட்டு வாரத்துக்கு மேல் அப்படித் திறந்தே கிடந்தால் அதற்குத் தனிப் பெயரே உண்டு. புற்றுநோய்க்காக அடிக்கடி ஏற்றுகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். வருடத்துக்கு ஒரு ஊசி போடுகிறவர்களுக்கு மிகக் குறைவு. குறைவுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, அறுபத்தேழு வருடம் சும்மா கிடந்த பல்லை எதற்கு எழுப்ப வேண்டும்? வலி இல்லை, சீழ் இல்லை, கறுப்பு உறை அகலவில்லை, வேறு பல்லை அரிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வருடா வருடம் பாருங்கள். ஒரே கவனம்: பல்செட் அந்த இடத்தில் அழுத்திப் புண் போட்டால் பல் வெளியே தெரிந்து தொந்தரவு ஆரம்பிக்கும். செட்டின் உள்பக்கத்தை அங்கே கொஞ்சம் தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நாகர்கோவில்காரி

ரொம்ப நன்றி சார். செட்டை எடுத்துப் பார்த்தேன், சரியா அந்த இடத்துல ஈறு சிவந்துதான் இருக்கு. அம்மா ஒரு வார்த்தை சொல்லல.

ஸ்கேன்ரூம்_ஷிஃப்ட்

சொல்ல மாட்டாங்க. எங்ககிட்ட வர்ற பாட்டிங்க "மூக்குத்தியைக் கழட்டுங்கம்மா"ன்னா மட்டும்தான் வாய் திறப்பாங்க. திருகு முப்பது வருஷமா கழட்டாம இறுகியிருக்கும். அதோடயே எடுத்தா படம் முழுக்க வெள்ளைக் கீறல். ஓபிஜியில தோடு இன்னும் வேடிக்கை: இடது காதுத் தோடு வலது பக்கம் மேல மங்கலா ஆவி மாதிரி வந்து நிக்கும். அதைப் பார்த்துட்டு ஒரு புது டாக்டர் "மேல்தாடையில அடர்த்தியான கட்டி"ன்னு எழுதப் போனதை நான் தடுத்திருக்கேன்.

சின்னவ_அப்பா

நானும் புகுந்துக்கறேன். பொண்ணுக்கு 11. மேல் இடது கோரைப்பல், பால்பல் இன்னும் விழல, புதுசும் வரல. அந்த இடத்து எலும்பு அடர்த்தி எவ்வளவுன்னு சிபிசிடியில பார்த்தாத்தான் பல் வருமா வராதான்னு சொல்ல முடியும்னு ஒரு இடத்துல சொல்றாங்க.

ரேடியாலஜி_பிஜி

அடர்த்தியை வச்சு அப்படி ஜோசியம் சொல்ல முடியாது சார். முதல்ல விரலை வச்சுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்க. பத்து வயசு வாக்குல பால் கோரைப்பல்லுக்கு மேல, உதட்டுப் பக்க ஈறுல புது பல்லோட மேடு தட்டுப்படணும். ஒரு பக்கம் தட்டுப்பட்டு மறுபக்கம் இல்லைன்னா அண்ணப் பக்கம் போயிருக்கலாம்.

அதைக் கண்டுபிடிக்க ரெண்டு சின்ன பல் எக்ஸ்ரேயே போதும். ஒரு கண்ணை மூடிக்கிட்டு, ரெண்டு ஆள்காட்டி விரலையும் முன்னும் பின்னுமா நிறுத்திப் பாருங்க. தலையை வலப்பக்கம் நகர்த்தினா பின்னாடி விரல் முன் விரலுக்கு வலப்பக்கமா எட்டிப் பார்க்கும். அதே மாதிரி எக்ஸ்ரே டியூபை நகர்த்தி ரெண்டாவது படம் எடுத்தா, டியூப் போன பக்கமே பல் நகர்ந்தா அண்ணப் பக்கம், எதிர்ப்பக்கம் நகர்ந்தா உதட்டுப் பக்கம். 1910ல இருந்து இருக்கிற வித்தை.

அண்ணப் பக்கம்தான்னா, பால்பல்லை எடுத்துவிட்டாலே நிறைய பேருக்குப் பல் வழிக்கு வந்துடும். 1988ல எரிக்சன், குரோல் பார்த்ததுல 46 பல்லுல 78 சதவீதம் அப்படித் திரும்புச்சு, எல்லாம் 10ல இருந்து 13 வயசுப் பிள்ளைங்க. அதனால தள்ளிப் போடாதீங்க. புது பல்லோட தலை பக்கத்துப் பல் வேர் மேல சாய்ஞ்சு, அரிக்குதான்னு சந்தேகம் வந்தா அப்போ சிபிசிடி எடுக்கறதுல நியாயம் இருக்கு.

சின்னவ_அப்பா

விரல் வித்தையை வீட்ல எல்லாரும் செஞ்சு பார்த்தாச்சு. பொண்ணு எனக்கு முன்னாடியே புரிஞ்சுக்கிட்டா. நாளைக்கு வேற டாக்டர்கிட்ட காட்டறோம்.

பவானிக்கரை

ஏழு வாரம் கழிச்சு வர்றேங்க. பல் எடுத்தாச்சு.

வேற சர்ஜன், வேற ஊர். ரெண்டு சிடியையும் குடுத்தேன். ரெண்டாவதுல டைகாம் இருந்துச்சு, அவர் லேப்டாப்ல அஞ்சு நிமிஷத்துல திறந்துட்டார். அடர்த்தி வரியைக் காட்டினேன், "அதை விடுங்க"ன்னுட்டு நரம்பு எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் பென்சிலால வரைஞ்சு காட்டினார். கன்னப் பக்கம் போகுது, நடுவுல காகிதம் மாதிரி சுவர் இருக்கு, முழுசா எடுத்துடலாம்னார்.

ஊசி மட்டும்தான், மயக்கமில்லை. நாற்பது நிமிஷம். தண்ணி பீச்சிக்கிட்டே இருந்தாங்க, காதுக்குள்ள கிரைண்டர் ஓடற மாதிரி சத்தம். பல் மூணு துண்டா வந்துச்சு. குறடு ஐயா சொன்னது ஞாபகம் வந்து, முடிஞ்சதும் "எலும்பு எப்படிங்க இருந்துச்சு"ன்னு வாய்ல பஞ்சோட கேட்டேன். "சாதாரண எலும்புதான், பின்னாடி மட்டும் கொஞ்சம் இறுகியிருந்துச்சு"ன்னார். கீழ் உதட்டு ஓரத்துல ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு பன்னண்டு நாள் மதமதன்னு இருந்து போயிடுச்சு.

பொங்கலுக்குச் சுட்ட முறுக்கைத் தொடல. எனக்கு மட்டும் அதே மாவுல இடியாப்பம்.

பழைய_குறடு

மகிழ்ச்சி. இடியாப்பம் நல்ல முடிவு. 😄

அரைத்தூக்கம்

அந்த ரெண்டு சிடி என்ன ஆச்சு?

பவானிக்கரை

டைகாமை டிரைவ்ல ஏத்திட்டேன். திறக்கவே திறக்காத அந்த 1380 சிடியைக் கொய்யா மரத்துல கட்டி விட்டிருக்கேன். கிளி வர்றதில்லைங்க.